ஏஜென்சி வேலை: ஐரோப்பாவில் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஜெர்மனியில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் திருவிழாவுக்கு வருடா வருடம் போகிறேன். அன்னதான வரிசையில் நிற்கும்போது யாராவது ஒருவர் நாலாக மடித்த சம்பளச் சீட்டை எடுத்து நீட்டுவார். ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றில் நான் பல வருடம் சம்பளக் கணக்குப் பார்த்தது எப்படியோ ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. லண்டனில் இருந்தும் சூரிச்சில் இருந்தும் போனில் கேட்கிறார்கள். ஆள் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. அதனால்தான் எழுதி வைத்தேன். கேட்டவர் பேச்சிலேயே கேள்வியை விட்டிருக்கிறேன். ஜெர்மனி எனக்குப் பழகின இடம் என்பதால் அது கொஞ்சம் தூக்கலாக வரும். குறைந்தபட்ச மணிச் சம்பளம் அடிக்கடி மாறுவதால் அந்தத் தொகைகளைப் போடவில்லை.

நான் வேலை செய்யிறது ஒரு கொம்பனியில, சம்பளம் போடுறது வேற கொம்பனி. யார் என்ர முதலாளி?

பெரும்பாலான நாடுகளில் சம்பளம் போடுகிற ஏஜென்சிதான். உங்களோடு ஒப்பந்தம் போட்டது அது. உங்களை அனுப்பி வைத்த இடம் அதன் வாடிக்கையாளர். அங்கே உள்ள மேற்பார்வையாளர் 'இந்தப் பெட்டியைத் தூக்கு, அந்த வரிசைக்குப் போ' என்று சொல்லலாம். ஆனால் லீவு, சம்பளம், வேலைநீக்கம் மூன்றும் ஏஜென்சியின் கையில். ஜெர்மன்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பழைய பெயரே 'இரவல் வேலை' என்றுதான் பொருள்படும். நம் ஆட்கள் 'லைஃபிர்மா' என்கிறார்கள்.

பிரிட்டன் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே ஏஜென்சி ஆட்களில் பலர் சட்டப்படி 'தொழிலாளி', ஆனால் 'ஊழியர்' இல்லை. குறைந்தபட்சச் சம்பளமும் சம்பளத்துடன் லீவும் உண்டு. அநியாயமாக நிறுத்திவிட்டார்கள் என்று வழக்குப் போடும் உரிமை பெரும்பாலும் இருக்காது.

இதற்கு ஐரோப்பா முழுக்க ஒரே சட்டமா?

ஒரே அடித்தளம், அதன் மேல் ஆளுக்கொரு வீடு. ஜெர்மனியும் பிரான்சும் 1972-இலேயே தனித்தனிச் சட்டம் போட்டுவிட்டன. ஸ்பெயின் இந்தத் தொழிலை அனுமதித்ததே 1994-இல்தான், இத்தாலி 1997-இல். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று கொண்டுவர 1982-இலேயே முயன்றார்கள், 2002-இல் மறுபடி முயன்றார்கள். பிரிட்டன் நீண்ட காலம் முட்டுக்கட்டை போட்டது. கடைசியில் 2008 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் 2008/104 என்ற ஆணையை நிறைவேற்றியது. 2011 டிசம்பர் 5-க்குள் உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது.

அதன் மையம் ஒரே வரி: அந்த வேலைக்கு அந்தக் கம்பெனி உங்களை நேரடியாக எடுத்திருந்தால் என்ன சம்பளம், வேலைநேரம், ஓவர்டைம், இரவு வேலை விதி, லீவு கிடைத்திருக்குமோ, அதற்குக் குறையக் கூடாது. அந்த வரிக்கு மூன்று விதிவிலக்கும் அதே ஆணையில் இருக்கிறது. கோயில் வரிசையில் என்னிடம் வரும் தகராறு பாதிக்கு மேல் அந்த விதிவிலக்குகளில் பிறந்ததுதான்.

சார், ஊர்ல ஏஜென்ட் மூணு லட்சம் கேக்கறார். ஐரோப்பாவில் ஏஜென்சி வேலைன்னா பணம் கட்டணுமா?

கட்டக் கூடாது. வேலைக்கு அனுப்புவதற்கு ஆளிடம் ஏஜென்சி கட்டணம் வாங்கக் கூடாது என்று மேலே சொன்ன ஆணையே சொல்கிறது. ஏஜென்சிக்கு லாபம் வாடிக்கையாளரிடம் இருந்து வருகிறது. மணிக்கு இவ்வளவு என்று வாங்கி, அதில் ஒரு பங்கை உங்களுக்குக் கொடுக்கிறார்கள். பிரிட்டனிலும் வேலை தேடித் தருவதற்குக் கட்டணம் வாங்க 1973-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது.

இந்தியாவில் விதி வேறு. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்த ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும் வாங்கலாம். அதற்கு மேல் கேட்டால் அது கட்டணம் இல்லை. பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பக்கத்துல நிக்கிறவனும் நானும் ஒரே வேலைதான். அவனுக்கு மட்டும் எப்படி மணிக்கு நாலு யூரோ அதிகம்?

இதுதான் என்னிடம் அதிகம் வரும் கேள்வி. சமச் சம்பளம் என்பதற்கு ஆணை வைத்திருக்கும் விதிவிலக்கில் முக்கியமானது இது: தொழிற்சங்கமும் ஏஜென்சி முதலாளிகளும் கூட்டு ஒப்பந்தம் போட்டால் சம்பளம் வேறுபடலாம். மொத்தத்தில் தொழிலாளியின் பாதுகாப்பு கெடக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஜெர்மனியில் கிட்டத்தட்ட எல்லா ஏஜென்சியும் அப்படி ஒரு ஒப்பந்தத்தின் கீழ்தான் ஓடுகிறது. அதனால் விதிவிலக்கே அங்கே விதியாகிவிட்டது.

பவேரியாவில் ஒரு பெண்ணின் வழக்கு. 2017 ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒரு சில்லறை வணிக நிறுவனத்தில் சரக்கு எடுத்து அடுக்கும் வேலை. ஏஜென்சி கொடுத்தது மணிக்கு 9.23 யூரோ. அதே வேலைக்கு நேரடி ஆளுக்கு 13.64. வித்தியாசத்தைக் கேட்டு அவர் வழக்குப் போட, அது லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2022 டிசம்பர் 15 அன்று வந்த தீர்ப்பு: சம்பளத்தைக் குறைத்தால், அதை ஈடுகட்டும் வேறு ஒரு நன்மை கொடுத்தாக வேண்டும். நாங்கள் ஆபீசில் அன்று இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம், இனி எல்லாச் சீட்டையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று. 2023 மே 31 அன்று ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் அந்த 'ஈடு' ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லிவிட்டது. அனுப்ப இடம் இல்லாத நாளுக்கும் ஏஜென்சி சம்பளம் கொடுக்கிறதே, அதுதான் ஈடாம். அந்தப் பெண் தோற்றார். நான்கு மாதம் இடைவெளி இல்லாமல் வேலை பார்த்தவருக்கு, வேலை இல்லாத நாளின் சம்பளம் என்ன ஈடு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஆனால் காலவரம்பு உண்டு. 2017 ஏப்ரல் முதல் ஜெர்மனியில் ஒரே கம்பெனியில் 9 மாதம் முடிந்தால் சமச் சம்பளம். உங்கள் துறைக்கு என்று தனியாகப் படிப்படியாகக் கூட்டும் ஒப்பந்தம் இருந்தால், முதல் கூட்டல் 6 வாரத்துக்குள் தொடங்கி, 15 மாதத்தில் சமநிலைக்கு வர வேண்டும். ஏஜென்சி சொல்லும் 'டாரிஃப்', அதாவது கூட்டு ஒப்பந்தம், செல்லுபடியாகும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். கிறிஸ்தவத் தொழிற்சங்கங்களின் ஒரு கூட்டமைப்பு மலிவான சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தது. 2010 டிசம்பரில் நீதிமன்றம் அந்தக் கூட்டமைப்புக்கு ஒப்பந்தம் போடும் தகுதியே இல்லை என்று சொன்னது. பல ஏஜென்சிகள் பழைய சமூகக் காப்பீட்டுப் பாக்கியைக் கட்ட வேண்டி வந்தது.

அப்போ பிரான்சிலும் லண்டனிலும் இதே கதைதானா?

இல்லை. பிரான்சில் முதல் நாளிலிருந்தே சமச் சம்பளம். அதோடு பணி முடியும்போது மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதம் நிலையற்ற வேலைக்கான ஈட்டுத்தொகை, எடுக்காத லீவுக்கு இன்னொரு 10 சதவீதம். பாரிஸ் ஆட்கள் 'அன்தெரிமில் (ஏஜென்சி வேலையில்) கைக்கு அதிகம் வருது' என்று சொல்வது இதனால்தான். அதே கம்பெனி உங்களை உடனே நிரந்தரமாக எடுத்துக்கொண்டால் முதல் 10 சதவீதம் கிடையாது. நிலையற்ற வேலை நிலையாகிவிட்டதே.

பிரிட்டனில் 2011 அக்டோபர் முதல் உள்ள விதிப்படி, அதே இடத்தில் அதே வேலையில் 12 வாரம் முடிந்த பிறகுதான் சமச் சம்பளம். கேன்டீன், காலிப் பணியிடத் தகவல் போன்றவை முதல் நாளிலிருந்து. நடுவில் 6 வாரத்துக்கு மிகாத இடைவெளி வந்தால் கணக்கு நிற்கும், பூஜ்யத்துக்குப் போகாது. 11-ஆவது வாரம் ஏஜென்சி உங்களை வேறு இடத்துக்கு மாற்றுவது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். ஏஜென்சியே நிரந்தர ஒப்பந்தம் கொடுத்துச் சமச் சம்பளத்தைத் தவிர்க்கும் ஒரு சந்து இருந்தது. 2020 ஏப்ரல் 6 அன்று அதை அடைத்துவிட்டார்கள்.

அண்ணை, இந்தக் கிழமை வேலை இல்லையாம். காசும் இல்லையாம். இது சரியோ?

ஜெர்மனியில் சரியில்லை. அனுப்ப இடம் கிடைக்காதது ஏஜென்சியின் தொழில் ஆபத்து. அதை உங்கள் தலையில் கட்டச் சட்டம் விடாது. நீங்கள் வேலைக்குத் தயாராக இருக்கிறீர்கள் என்பதைக் குறுஞ்செய்தியிலாவது எழுதிவையுங்கள், 'போனில் சொன்னேன்' என்பது பின்னால் நிற்காது. மேலே சொன்ன பவேரியாப் பெண்ணின் வழக்கைத் தோற்கடித்ததே இந்த உரிமைதான். அதனால் இதை விட்டுக்கொடுத்தால் இரண்டு பக்கமும் நட்டம்.

ஒரு சீட்டில் நான் பார்த்தது: மே மாதம், மேலே 151 மணி, கீழே மணிக்கணக்கு என்ற கட்டத்தில் 'கழித்தல் 21'. மூன்று நாள் வேலை கொடுக்காமல் வீட்டில் இருக்கச் சொல்லி, அதை அவர் சேர்த்து வைத்த ஓவர்டைமில் இருந்து சத்தமில்லாமல் கழித்திருந்தார்கள். சம்பளத் தொகை மாறவில்லை, அதனால் அவர் கவனிக்கவே இல்லை. கேட்டு எழுதிய பிறகு 21 மணியும் திரும்பி வந்தது. உங்கள் சீட்டிலும் முதலில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

நெதர்லாந்தில் நிலைமை மோசம். முதல் கட்டம் என்று 52 வாரம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில், வாடிக்கையாளர் 'போதும்' என்றால் ஒப்பந்தமும் அதோடு முடியும் என்று எழுதிக்கொள்ளலாம், வேலை செய்யாத மணிக்குச் சம்பளமும் பொதுவாக இல்லை. சுவிட்சர்லாந்தில் காலவரை இல்லாத ஒப்பந்தத்தில் முதல் மூன்று மாதம் இரண்டே நாள் முன்னறிவிப்பு, ஆறு மாதம் வரை ஏழு நாள், அதற்குப் பிறகு ஒரு மாதம். பிரான்சில் பணி முடியும் தேதி எழுதியிருந்தால், பாதியில் நிறுத்தும் ஏஜென்சி அதே மாதிரி வேறு வேலை தர வேண்டும் அல்லது கடைசி நாள் வரை சம்பளம் தர வேண்டும்.

எத்தனை மாசம் இப்படியே வச்சிருப்பாங்க? நிரந்தரம் ஆக்கணும்னு சட்டம் இல்லையா?

ஜெர்மனியில் ஒரே கம்பெனியில் அதிகபட்சம் 18 மாதம். தாண்டினால், சட்டப்படி நீங்கள் அந்தக் கம்பெனியின் ஆள். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விட்டுத் திரும்ப அனுப்பினால் கணக்கு முதலிலிருந்து. துறைக் கூட்டு ஒப்பந்தம் 18-ஐ நீட்டவும் செய்யலாம். உலோகத் தொழிலில் 48 மாதம் வரை போட்டார்கள், 2022 செப்டம்பரில் நீதிமன்றமும் அதற்குத் தலையாட்டிவிட்டது.

பிரான்சில் பொதுவாக 18 மாதம். போலந்தில் 36 மாதத்துக்குள் 18. சுவீடனில் 2022 அக்டோபர் முதல், 36 மாதத்துக்குள் 24 மாதம் ஒரே இடத்தில் இருந்துவிட்டால் அந்தக் கம்பெனி நிரந்தர வேலை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு மாதச் சம்பளம் கொடுத்துத் தீர்க்க வேண்டும்.

ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனா நேரடி வேலை கிடைக்குமாமே?

பெர்லினில் டைம்லர் எஞ்சின் ஆலைக்கு அனுப்பப்பட்ட ஒருவர் அப்படித்தான் நினைத்தார். 2014 செப்டம்பர் முதல் 2019 மே வரை ஒரே ஆலை, 18 தடவை நீட்டிப்பு, நடுவில் இரண்டு மாதம் குழந்தை வளர்ப்பு லீவு மட்டும். 2022 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. இப்படி அடுத்தடுத்து நீட்டுவது 'தற்காலிகம்' என்ற சொல்லையே கேலியாக்கும் துஷ்பிரயோகம் ஆகலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் ஐரோப்பியச் சட்டத்தை மட்டும் காட்டி அந்தக் கம்பெனியில் நிரந்தர வேலை கேட்க முடியாது, அதை உங்கள் நாட்டுச் சட்டம்தான் தர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

சம்பளத்தில் ஷூவுக்கும் ஜாக்கெட்டுக்கும் கழிச்சிருக்காங்க. கழிக்கலாமா?

பாதுகாப்புக்கென்று கட்டாயமாகப் போட வேண்டிய ஷூ, ஹெல்மெட், கையுறை என்றால் ஜெர்மனியில் கழிக்கக் கூடாது. முதலாளி செலவு அது. சாதாரண உடை வேறு விஷயம், ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய பிரச்சினை வீடு. நெதர்லாந்தில் பல ஏஜென்சிகள் வேலையோடு கட்டிலும் கொடுக்கின்றன. வேலை போன அன்றே கட்டிலும் போகும். 2020-இல் எமில் ரூமர் தலைமையிலான அரசுக் குழு, வேலை ஒப்பந்தமும் வாடகை ஒப்பந்தமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. உங்களிடம் இரண்டும் ஒரே தாளில் இருந்தால், கையெழுத்துக்கு முன்பு 'வேலை முடிந்தால் எத்தனை நாள் தங்கலாம்' என்று எழுதி வாங்குங்கள்.

கம்பெனி என்னை நேரடியா எடுக்க ரெடி. ஏஜென்சி விடமாட்டேன்கிறது.

தடுக்க முடியாது. 'அந்தக் கம்பெனியில் சேர மாட்டேன்' என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது. உங்கள் முன்னறிவிப்புக் காலத்தை மட்டும் முடியுங்கள். ஏஜென்சி அந்தக் கம்பெனியிடம் நியாயமான ஒரு தொகை கேட்கலாம். அது அவர்களுக்குள். உங்களிடம் ஒரு சல்லி கேட்கக் கூடாது.

வேலை இடத்தில அடிபட்டா யார் பொறுப்பு?

அன்றாடப் பாதுகாப்புக்கு, நீங்கள் நிற்கிற கம்பெனி. 1991-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணை ஒன்று இதைச் சொல்கிறது. மெஷினைப் பற்றிச் சொல்லித் தருவதும் அவர்கள் வேலை. விபத்து என்றால் அன்றே இரண்டு பக்கமும் தெரியப்படுத்துங்கள்.

ஸ்ட்ரைக் நடக்குது. எங்களை உள்ளே போகச் சொல்றாங்க.

ஜெர்மனியில் 2017 முதல், வேலைநிறுத்தக்காரர் இடத்தில் ஏஜென்சி ஆளை நிறுத்தக் கூடாது. பிரான்சிலும் தடை. பிரிட்டன் 2022-இல் தடையை எடுத்தது, ஒரு வருடத்தில் உயர் நீதிமன்றம் அந்த மாற்றத்தை ரத்து செய்தது, 2023 ஆகஸ்ட் 10 முதல் தடை திரும்பியது.

சில தொழில்ல ஏஜென்சி ஆளே கூடாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். ஜெர்மனியில் கட்டுமானத் தொழிலாளர் வேலைக்குப் பொதுவாகத் தடை. இறைச்சித் தொழிலில் கதை பெரியது. 2020 ஜூனில் ரேடா-வீடன்புரூக்கில் உள்ள ஒரு பெரிய இறைச்சி ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளருக்குக் கொரோனா பரவியது. பலர் துணை ஒப்பந்தக்காரர்கள் வழியாக வந்த கிழக்கு ஐரோப்பியர்கள், நெருக்கியடித்த வீடுகளில் இருந்தவர்கள். அதற்குப் பிறகுதான் சட்டம் அசைந்தது. வெட்டும் இடத்தில் 2021 ஜனவரி முதல் துணை ஒப்பந்தம் கூடாது, ஏப்ரல் முதல் ஏஜென்சி ஆளும் கூடாது. சிறு விலக்கு ஒன்று 2024 மார்ச்சோடு முடிந்தது.

நார்வே இன்னும் தூரம் போனது. 2023 ஏப்ரல் 1 முதல், வேலை தற்காலிகமானது என்ற காரணத்தைச் சொல்லி ஏஜென்சியிடம் ஆள் எடுக்க முடியாது. ஒஸ்லோ வட்டாரக் கட்டுமானத்தில் முழுத் தடை. பிரிட்டனில் வழி வேறு, உரிமம். 2004 பிப்ரவரியில் மோர்கம் கடற்கரையில் சிப்பி பொறுக்கிய சீனத் தொழிலாளர் குறைந்தது 21 பேர் அலையில் மூழ்கினார்கள். அதே வருடம் பண்ணை, உணவுத் தொழில்களுக்கு ஆள் அனுப்புவோருக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் வந்தது.

தமிழ்நாட்டிலிருந்து நேரா ஜெர்மன் ஏஜென்சி வேலைக்கு விசா கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்காது. வெளிநாட்டவருக்கான வேலை விசாவுக்குக் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் சம்மதம் தேவைப்படும் இடங்களில், ஆள் 'இரவல் வேலைக்கு' வருகிறார் என்றால் சம்மதம் மறுக்க வேண்டும் என்றே குடியேற்றச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு சொல்கிறது. ஏற்கெனவே அங்கே படிக்கும் மாணவர் தனக்கு வருடத்துக்கு அனுமதித்த 140 முழு நாளுக்குள் ஏஜென்சி வழியாக வேலை பார்ப்பது வேறு. ஆகவே 'கிடங்கு வேலை, ஏஜென்சி கான்ட்ராக்ட், ஜெர்மன் விசா உறுதி' என்று யாராவது மூன்றையும் சேர்த்துச் சொன்னால், மூன்றாவது கேள்வியின் மூன்று லட்சத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

போலந்தில பெர்மிட் இருக்கு. போலந்து ஏஜென்சியே என்னை நெதர்லாந்துக்கு அனுப்புது. போகலாமா?

உண்மையிலேயே போலந்தில் தொழில் நடத்தும் ஏஜென்சி, உங்களைக் குறித்த காலத்துக்கு அனுப்புகிறது என்றால் வழி உண்டு. 2020 ஜூலை 30 முதல், அப்படிப் போகிறவருக்கு அந்நாட்டு ஏஜென்சி ஆளுக்குக் கிடைக்கும் நிபந்தனைகள் கிடைக்க வேண்டும், போலந்துச் சம்பளம் போதாது. சமூகக் காப்பீடு போலந்திலேயே தொடர்கிறது என்பதற்கு ஏ1 சான்றிதழைக் கையில் வாங்குங்கள். ஐரோப்பியக் குடிமகன் அல்லாதவர் 90 நாளுக்கு மேல் இருந்தால் நெதர்லாந்து தன் சொந்த வதிவிட அனுமதியைக் கேட்கலாம் என்று 2024 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சுவிட்சர்லாந்துக்கு இந்த வழியே கிடையாது. வெளிநாட்டு ஏஜென்சி அங்கே நேரடியாக ஆள் அனுப்பச் சட்டம் அனுமதிப்பதில்லை.

ஏஜென்சி இல்லை, 'சப்-கான்ட்ராக்ட்' என்று தாளில் எழுதியிருக்கு. அப்போ மேலே சொன்ன எதுவும் எனக்கு இல்லையா?

தாளைவிட நடப்புதான் முக்கியம். தினமும் யார் உத்தரவு போடுகிறார்? ஷிஃப்ட் பட்டியலில் உங்கள் பெயரை எழுதுவது யார்? கம்பெனி மேற்பார்வையாளர்தான் என்றால், தாளில் என்ன எழுதியிருந்தாலும் அது ஆள் அனுப்பும் வேலை. உங்களை அனுப்பியவருக்கு அதற்கான உரிமம் இல்லையென்றால், ஜெர்மனியில் உங்கள் ஒப்பந்தம் செல்லாது, நீங்கள் அந்தக் கம்பெனியின் ஊழியர் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். நிரூபிப்பது உங்கள் பாடு. ஷிஃப்ட் பட்டியலின் படம், மேற்பார்வையாளரின் வாட்ஸ்அப் உத்தரவு இரண்டையும் அழிக்காதீர்கள்.

எங்க போய்ச் சொல்றது? எவ்வளவு நாளுக்குள்ள?

ஜெர்மனியில் வேலைநீக்கக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும், விட்டால் போச்சு. சம்பளப் பாக்கிக்கு ஏஜென்சிக் கூட்டு ஒப்பந்தங்களில் சில மாதங்களே கெடு இருக்கும், அதனால் பேச்சுவார்த்தை நடக்கிறது என்று காத்திருக்காமல் எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர்களுக்கு 'ஃபைர இன்டெகிராட்சியோன்' என்ற இலவச ஆலோசனை பல நகரங்களில் உண்டு. ஏஜென்சியின் உரிமத்தைக் கொடுப்பதும் பறிப்பதும் அரசின் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமை, அங்கேயும் புகார் எழுதலாம்.

போகும்போது ஒப்பந்தம், எல்லா மாதச் சீட்டுகள், மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட மணித்தாள்கள் மூன்றையும் எடுத்துப் போங்கள். மணித்தாளின் மஞ்சள் நகல் உங்களுடையது. அதைத்தான் நிறையப் பேர் லாக்கரிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். வேலை போன மறுநாள் லாக்கர் திறக்காது.